தீங்கற்ற தசைத்துடிப்பும் நோய் அச்சமும்

ஓர் இயக்க நரம்பணுவும் அதனுடன் இணைந்த தசை நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. இந்த அலகு தானாகவே சுருங்கும்போது தோலுக்கடியில் தெரியும் சிறு அசைவே தசைத்துடிப்பு. கெண்டைக்கால், தொடை, கட்டைவிரலின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் இது நலமாக உள்ளவர்களுக்கும் ஏற்படும். வேறு நரம்பியல் குறைபாடு எதுவுமின்றி மாதக்கணக்கில் நீடிக்கும் துடிப்பு, தீங்கற்ற தசைத்துடிப்பு எனப்படுகிறது. இயக்க நரம்பணு நோயிலும் (ஏ.எல்.எஸ்.) துடிப்பு காணப்படுவதால், சிலர் இதைக் கண்டு கடுமையாக அஞ்சுகின்றனர்.

காரணங்கள்

கடும் உடற்பயிற்சி, தூக்கமின்மை, மிகுதியான காபி, மன அழுத்தம், சில மருந்துகள் ஆகியவை துடிப்பைத் தூண்டலாம். தைராய்டு மிகைச் சுரப்பும் இரத்தத்தில் மக்னீசியம் குறைவதும் பிற காரணங்கள்.

அச்சம் வளரும் விதம்

பதற்றம் துடிப்பைக் கூட்டுகிறது. கூடிய துடிப்பு பதற்றத்தை வளர்க்கிறது. அஞ்சுபவர் நாக்கைக் கண்ணாடியில் பார்ப்பதும், கெண்டைக்காலை அளந்து பார்ப்பதும், ஒற்றைக் காலில் நின்று வலிமையைச் சோதிப்பதும் உண்டு. இடது, வலது கால்களிடையே சிறு அளவு வேறுபாடு இயல்பானது. ஓயாத சோதனையால் தசை களைத்து நடுங்கும்போது, அதையே பலவீனம் என்று அவர் எண்ணிவிடுகிறார். இவ்வச்சம் மருத்துவர்களிடமும் காணப்படுவதைச் சைமன், கீர்னன் ஆகியோர் 2013இல் பதிவு செய்தனர்.

தசை மின்வரைவுச் சோதனை

இச்சோதனையில் மெல்லிய ஊசி மின்முனையைத் தசைக்குள் செலுத்தி, ஓய்விலும் சுருக்கத்திலும் எழும் மின்னலைகள் பதிவு செய்யப்படுகின்றன. நரம்புத் தொடர்பை இழந்த தசையில் தனி வகை அலைகள் தோன்றும். துடிப்பு மட்டும் பதிவாகி, மற்றவை இயல்பாக இருந்தால் அது நோய்க்குச் சான்றாகாது. நரம்பியல் மருத்துவரின் உடற்பரிசோதனையும் இயல்பாக இருந்தால் பொதுவாக மீண்டும் மீண்டும் சோதிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சோதனையும் தரும் நிம்மதி சில நாட்களில் கரைந்து, "சோதனையைச் சீக்கிரமே செய்துவிட்டோமோ" என்ற புதிய ஐயம் எழுகிறது.

நீண்டகால ஆய்வு

அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் தீங்கற்ற தசைத்துடிப்பு எனக் கண்டறியப்பட்ட 121 பேர் 2 முதல் 32 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். 1993இல் வெளியான முடிவின்படி, அவர்களில் ஒருவருக்கும் இயக்க நரம்பணு நோய் வரவில்லை.

மருத்துவரை அணுக வேண்டிய நிலை

பலவீனமாக உணர்வது வேறு. செயல் இழப்பது வேறு. சட்டைப் பொத்தானைப் போட முடியாமை, நடக்கையில் பாதம் தொங்குதல், பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம், தசை மெலிதல் ஆகியவை நாளுக்கு நாள் கூடினால் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

சிகிச்சை

துடிப்பைத் தூண்டுபவற்றைக் குறைப்பது முதற்படி. அச்சம் அன்றாட வாழ்வைக் குலைத்தால் அதற்கும் தனியே சிகிச்சை தேவை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, உடலைச் சோதிக்கும் பழக்கத்தையும் இணையத்தில் நோய்க்குறிகளைத் தேடுவதையும் படிப்படியாகக் குறைக்க உதவுகிறது. துடிப்பு முற்றிலும் நிற்காமலும் போகலாம்; அதைப் பொருட்படுத்தாமல் வாழப் பழகுவதே இச்சிகிச்சையின் நோக்கம்.