குறிக்கேற்ற துப்பாக்கி எது?

தேசிய மாணவர் படையில் பயின்றோர் பலருக்குப் ‘பாயிண்ட் டூ டூ’ துப்பாக்கி புதியதன்று. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். அவ்வழி செல்ல விழையும் இளைஞர்க்கும், அஞ்சும் பெற்றோர்க்கும் சில கூறுவோம்.

இதன் தோட்டாவில் தீமூட்டும் மருந்து அடிவிளிம்பினுள் உள்ளது. ஊசி விளிம்பைத் தாக்கியதும் வெடிக்கும். குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். 50 மீட்டருக்கு அப்பால் அது எட்டவேண்டிய பத்துப்புள்ளி வட்டமோ 10.4 மில்லிமீட்டரே! ஆகவே இங்கு வேண்டுவது வலிமையன்று, மாறாமையே.

விலை மிகுந்ததே சிறந்தது என எண்ணுதல் பிழை. முதற்கண் நோக்கத்தக்கது உடற்பொருத்தம். கட்டையில் கன்னம் இயல்பாகப் பதிந்ததும் கண் குறிகாட்டிக்கு நேரே அமைதல் வேண்டும். கழுத்தை வளைக்க நேரின் அது நமக்கு உரியதன்று. எடை மிகின் நின்று சுடுகையில் தோள் தளரும். குறையின் கைந்நடுக்கம் குழலில் ஏறும். விசை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் விடுபடவேண்டும்.

ஒரு குழலுக்கு உகந்த தோட்டா மற்றொன்றுக்கு உகவாது போகலாம். ஒலியின் வேகத்தைக் கடவாத தோட்டாக்களில் சில வகைகளைச் சுட்டுப் பார்த்து, துளைகள் நெருங்கி விழும் வகையைக் கொள்க.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றியமையாதது. எனவே முதலில் பயிற்றுநர் கண்காணிப்பில், சங்கத்துத் துப்பாக்கியிலேயே பழகுக. குழலை மனிதர்பால் ஒருபோதும் திருப்பாத ஒழுக்கம் கைவந்த பின்னரே, சொந்தத் துப்பாக்கியைத் தேரும் தகுதி வரும் என்போம்.