பாஸ் மார்க் ஐம்பதுதான், ஆனாலும் படிக்க வேண்டும்

"நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் போதும், தப்பாகப் போட்டாலும் மார்க் குறைக்க மாட்டார்கள், ரெண்டு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும்." என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மியூச்சுவல் ஃபண்ட் தேர்வைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். எல்.ஐ.சி. முகவர்கள், வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள், பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு வருமானம் பார்க்கலாம் என்று நினைக்கும் ஆசிரியர்கள் என்று பல தரப்பினரும் எழுதும் தேர்வு. அந்தப் பதிலில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நம்பி 1,500 ரூபாய் கட்டியவர்களில் சிலர் மறுபடியும் 1,500 ரூபாய் கட்டுகிறார்கள்.

பங்குச் சந்தை சார்ந்த எந்த வேலைக்குப் போனாலும் இன்று ஏதாவது ஒரு சான்றிதழ் கேட்கிறார்கள். அதை வழங்குவது தேசிய பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.எஸ்.எம். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் 'செபி' 2006-இல் தொடங்கிய அமைப்பு. மகாராஷ்டிரத்தில் பாதாள்கங்காவில் இதன் வளாகம் இருக்கிறது. யார் யார் எந்தத் தேர்வில் தேற வேண்டும் என்பதற்கான சட்ட அடிப்படை 2007-இல் செபி கொண்டுவந்த சான்றளிப்பு ஒழுங்குமுறைகள். தேர்வுகளுக்கு ரோமன் எண்களில் பெயர். தரகு நிறுவனத்தில் எஃப் அண்ட் ஓ டீலராக உட்கார சீரிஸ் எட்டு. பேக் ஆபீஸ் வேலைக்கு சீரிஸ் ஏழு. ஆய்வாளருக்குப் பதினைந்து. மியூச்சுவல் ஃபண்ட் விற்க சீரிஸ் ஐந்து-ஏ. சந்தையை வெறுமனே தெரிந்துகொள்ள நினைக்கும் மாணவர்களுக்குக் கட்டாயமில்லாத சீரிஸ் பன்னிரண்டும் உண்டு.

இவற்றில் சாதாரண மக்களின் வீட்டு வாசல் வரைக்கும் வருவது ஐந்து-ஏ தான். அதனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தேர்வின் அமைப்பு எளிது. கணினியில் 100 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க், இரண்டு மணி நேரம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டப்படிப்பு எதுவும் கேட்பதில்லை. பான் எண் இருந்தால் ஆன்லைனில் பதிவு செய்து, ஊரையும் தேதியையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எழுதி முடித்ததும் மதிப்பெண் திரையிலேயே தெரிந்துவிடும். நெகட்டிவ் மார்க் இல்லாததால் ஒரு கேள்வியைக்கூட விடையில்லாமல் விட்டுவிட்டு வரக் கூடாது. ஆனால் இதையே பழக்கமாக்கிக்கொண்டு சீரிஸ் எட்டுக்குப் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அங்கே தேர்ச்சி மதிப்பெண் 60. தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மார்க் போய்விடும்.

2010 மே மாதம் வரை இந்தத் தேர்வை நடத்தியது 'ஆம்ஃபி' என்கிற மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கம். அந்த ஆண்டு ஜூன் 1 முதல் பொறுப்பு என்.ஐ.எஸ்.எம். கைக்கு மாறியது. சரக்கு வைத்திருப்பவர்களே விற்பனையாளருக்குத் தேர்வும் வைப்பது முறையாக இருக்காது என்பதால், இது நல்ல மாற்றம் என்றே சொல்ல வேண்டும்.

படிக்க வேண்டிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான். என்.ஐ.எஸ்.எம். வெளியிடும் பாடநூல். அதன் இணையதளத்தில் பி.டி.எஃப். இலவசமாகவே கிடைக்கிறது. பன்னிரண்டு அத்தியாயங்கள். முதலீட்டின் அடிப்படையில் தொடங்கி, ஃபண்டின் சட்ட அமைப்பு, விதிமுறைகள், வரி, முதலீட்டாளர் சேவை, ரிஸ்க், திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்று போகும். கேள்விகள் இந்தப் புத்தகத்திலிருந்துதான் வரும். அப்படியிருக்க, பலர் இதைத் திறக்காமலே போவது ஆச்சரியம்.

அவர்கள் நம்புவது வாட்ஸ்அப்பில் சுற்றும் '500 கேள்வி - விடை' கோப்பை. இதில்தான் ஆபத்து. சந்தை விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஒரே ஒரு உதாரணம்: ஈக்விட்டி ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் எவ்வளவு வரி? பழைய கோப்பில் '1 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம்' என்று இருக்கும். 2024 ஜூலை 23 முதல் அது 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் 15 ஆக இருந்தது 20 ஆகிவிட்டது. கடன் ஃபண்டுகளிலும் அப்படித்தான். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய யூனிட்டுகளின் லாபம் அவரவர் வருமான வரி வரம்புப்படி கணக்கிடப்படுகிறது. விடைகளில் பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பழைய கோப்பை மனப்பாடம் செய்தவர் மிகுந்த நம்பிக்கையோடு தப்பானதைக் கிளிக் செய்வார். பாடநூலுக்குப் பதிப்பு உண்டு. எந்தப் பதிப்பிலிருந்து எந்தத் தேதி முதல் கேள்வி வரும் என்பதையும் என்.ஐ.எஸ்.எம். அறிவிக்கிறது. பணம் கட்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை, ஆனால் நிதானம் வேண்டும். ஒரு கேள்வி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 ரூபாய் என்.ஏ.வி.-யில் (ஒரு யூனிட்டின் மதிப்பு) வாங்கிய யூனிட் இரண்டு ஆண்டுகள் கழித்து 24 ரூபாய் 20 காசு. கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம் எவ்வளவு? கொடுத்திருக்கும் விடைகள் 21, 10.5, 10, 12.1.

லாபம் 4.20, அது 20-இல் 21 சதவீதம். அவசரக்காரர் முதல் விடையை அமுக்குவார். 'இரண்டு வருஷம் ஆயிற்றே' என்று பாதியாக வகுத்தவர் 10.5-ஐ அமுக்குவார். ஆனால் கேட்டது கூட்டு வளர்ச்சி. 24.20-ஐ 20-ஆல் வகுத்தால் 1.21, அதன் வர்க்கமூலம் 1.1. ஆக, 10 சதவீதம். சரிபார்க்க ஆசையா? 20 ரூபாய் பத்து சதவீதம் வளர்ந்தால் 22, அது இன்னொரு பத்து வளர்ந்தால் 24.20. சூத்திரம் மறந்துபோனாலும் இப்படிக் கொடுத்திருக்கும் விடையை வைத்துப் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கலாம். மூன்று தவறான விடைகளும் சும்மா வைக்கப்பட்டவை அல்ல, ஒவ்வொன்றும் ஒரு வகை அவசரத்துக்கு விரிக்கப்பட்ட வலை. இதே கணக்கைத்தான் நாளை ஒரு வாடிக்கையாளரும் கேட்பார்: "இருபத்தொரு பர்சென்ட்னு சொன்னீங்களே, வருஷத்துக்கா, மொத்தத்துக்கா?"

இன்னொரு இடம், டிவிடெண்ட். 2021 ஏப்ரல் முதல் அந்த ஆப்ஷனின் பெயரையே செபி மாற்றி, 'ஐ.டி.சி.டபிள்யூ.' (இன்கம் டிஸ்ட்ரிபியூஷன் கம் கேபிடல் வித்டிராயல்) என்று வைத்தது. கொடுக்கப்படும் பணத்தில் உங்கள் மூலதனமும் சேர்ந்திருக்கலாம் என்று பெயரிலேயே எச்சரிக்கிறார்கள். என்.ஏ.வி. 50 ரூபாயாக இருக்கும்போது 5 ரூபாய் கொடுத்தால், அந்த 5 ரூபாய் என்.ஏ.வி.-யிலிருந்து கழிந்து 45 ஆகிவிடும். இதை 'போனஸாக வந்த காசு' என்று சொல்லி விற்ற காலம் ஒன்று இருந்தது. கடன் ஃபண்டில் வட்டி விகிதம் ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும் என்பதும் இப்படிப்பட்டதுதான். தேர்வில் ஒரு மார்க். வெளியே, 'வட்டி ஏறுகிறது, நல்லதுதானே' என்று பணம் போட்ட ஒரு பெரியவருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய சங்கடம்.

சட்ட அமைப்பு பற்றிய அத்தியாயம் வறட்சியானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்கள் கேள்விக்கு வாகாக அங்கேதான் கிடக்கின்றன. ஃபண்ட் என்பது 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி அமைந்த டிரஸ்ட். அதைத் தொடங்குபவர் ஸ்பான்சர். பணத்தை நிர்வகிப்பது ஏ.எம்.சி. என்கிற தனி நிறுவனம். பங்குகளையும் பத்திரங்களையும் பாதுகாப்பில் வைத்திருப்பது கஸ்டோடியன். ஒருவர் கையிலேயே எல்லாம் இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால், டிரஸ்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும் என்கிற விதி தானாக மனதில் நின்றுவிடும். நிறுவனம் நொடித்தால் நம் பணம் என்னாகும் என்ற கேள்விக்கும் விடை இதே அத்தியாயத்தில் இருக்கிறது.

வகைகளில் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், 251-லிருந்து ஸ்மால் கேப் என்று 2017-இல் செபி வரையறுத்துவிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருந்தது. வரலாற்றுக் கேள்விகளும் வரலாம்: யு.டி.ஐ.-யின் முதல் திட்டம் யூ.எஸ்.-64 வந்தது 1964-இல், பொதுத்துறை வங்கியின் முதல் ஃபண்ட் 1987-இல், முதல் தனியார் ஃபண்ட் 1993-இல். அந்த முதல் தனியார் ஃபண்டான கோத்தாரி பயனியர் நம் சென்னைக் குழுமத்தினுடையது என்பது தேர்வுக்கு வேண்டாத, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

எவ்வளவு நாள் வேண்டும்? ஏற்கெனவே வங்கியிலோ காப்பீட்டிலோ இருப்பவருக்கு, மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்தால் மூன்று வாரம் தாராளம். புதியவருக்கு ஒன்றரை மாதம் வைத்துக்கொள்ளலாம். முதல் வாசிப்பில் குறிப்பு எடுக்காமல் கதை போலப் படித்துவிட்டு, இரண்டாவதில் எண்களையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது உதவும். மாக் டெஸ்ட் கடைசி வாரத்துக்குத்தான். அதுவும் எத்தனை மார்க் வந்தது என்று பார்க்க அல்ல, எந்த அத்தியாயத்தில் சறுக்குகிறோம் என்று பார்க்க. மாக் டெஸ்டில் 75-க்குக் கீழ் வருகிறவர் தேதியைத் தள்ளிப்போடுவது நல்லது என்பேன். ஐம்பதுக்குக் குறிவைத்துப் படித்தால் ஐம்பது வராது. ஹால் டிக்கெட்டில் கேட்டிருக்கும் அடையாள அட்டையின் அசலைக் கொண்டுபோக மறந்து வாசலிலிருந்தே திரும்புகிறவர்களும் உண்டு.

பாஸானதும் விற்கக் கிளம்பிவிட முடியாது. சான்றிதழை வைத்துக்கொண்டு ஆம்ஃபியிடம் ஏ.ஆர்.என். என்கிற பதிவு எண் வாங்க வேண்டும். ஆம்ஃபி சார்பில் இந்தப் பதிவு வேலையைக் கவனிப்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'கேம்ஸ்' நிறுவனம். வங்கி போன்ற பெரிய விநியோகஸ்தரிடம் ஊழியராக இருப்பவருக்கு நிறுவனத்தின் ஏ.ஆர்.என்.-னோடு, 'இ' என்ற எழுத்தில் தொடங்கும் இ.யு.ஐ.என். என்ற தனி எண்ணும் உண்டு. யார் விற்றார்கள் என்பது விண்ணப்பப் படிவத்திலேயே பதிவாகிவிடும். இன்னொன்று, இந்தச் சான்றிதழ் உங்களை முதலீட்டு ஆலோசகர் ஆக்காது. அதற்கு வேறு தேர்வுகள், செபியிடம் தனிப் பதிவு. விநியோகஸ்தர் தன் விசிட்டிங் கார்டில் 'வெல்த் அட்வைசர்' என்று போட்டுக்கொள்வதற்கு 2020-இலிருந்து தடை இருக்கிறது. கமிஷனில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதும் தவறு. இரண்டும் ஊரில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

அமெரிக்காவில் இதே போன்ற ஆரம்பத் தேர்வு ஒன்று 2018 அக்டோபரில் வந்தது. எஸ்.ஐ.இ. என்று பெயர். 75 கேள்விகள், ஒன்றே முக்கால் மணி நேரம், தேர்ச்சிக்கு 70. பதினெட்டு வயதானால் கல்லூரி மாணவர்கூட எழுதலாம். ஆனால் அதில் தேறியதால் மட்டும் எதையும் விற்க முடியாது. ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, அது முன்மொழிந்த பிறகு, சீரிஸ் 7 போன்ற அடுத்த தேர்வையும் தாண்ட வேண்டும். நம் ஊரில் ஒரே தேர்வு, நூற்றுக்கு ஐம்பது, பிறகு பதிவு எண். பாதிக் கேள்விகளுக்குத் தவறாகப் பதில் சொன்ன ஒருவர் இன்னொரு குடும்பத்தின் பிள்ளைகள் படிப்புக்கான பணத்துக்கு வழிசொல்ல இது அனுமதிக்கிறது. தேர்ச்சி மதிப்பெண்ணை 60 ஆக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது என் கட்சி.

தேர்வு எழுதப் போகாத வாசகர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஃபண்ட் விற்க வருகிறவரிடம் ஏ.ஆர்.என். எண்ணைக் கேளுங்கள். ஆம்ஃபி இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் பெயரும் செல்லுபடியாகும் தேதியும் தெரியும். 'நிச்சயம் இத்தனை சதவீதம் வரும்' என்று உறுதி சொல்கிறவர் பாடநூலைத் திறக்காதவர், அல்லது திறந்தும் மறந்தவர்.

சான்றிதழின் ஆயுள் மூன்று ஆண்டுகள். அது முடியும் முன், கடைசிப் பன்னிரண்டு மாதங்களுக்குள் சி.பி.இ. என்ற தொடர்கல்வி வகுப்பை முடித்தால் மறுதேர்வு இல்லாமல் புதுப்பித்துக்கொள்ளலாம். தேதியைத் தவறவிட்டவர் மறுபடியும் பணம் கட்டி, நூறு கேள்விகளையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.