ஆறு குடியேற்ற நாடுகள் ஒரு நாடான வரலாறு

சிட்னியிலிருந்து மெல்பேணுக்குப் புகைவண்டியிற் செல்வோர், 1883ஆம் ஆண்டு இரு பாதைகளும் எல்லையிற் சந்தித்த பின்னரும், ஒரே வண்டியிற் பயணத்தை முடிக்க இயலவில்லை. அல்பரி என்னும் எல்லை நகரை அடைந்ததும் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, வேறொரு வண்டியில் ஏறவேண்டியிருந்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் தன் தண்டவாளங்களை 4 அடி 8½ அங்குல இடைவெளியில் அமைத்திருந்தது. விக்டோரியா அரசாங்கமோ 5 அடி 3 அங்குல இடைவெளியில் அமைத்திருந்தது. குயீன்ஸ்லாந்து 3 அடி 6 அங்குலமே போதுமெனக் கொண்டது. இவற்றோடு, மறே ஆற்றின் கரையோரமெங்கும் சுங்கச் சாவடிகள் இருந்தன. ஒரே மொழி பேசி, ஒரே முடிக்குக் கீழ்ப்பட்டு வாழ்ந்த மக்கள், ஆற்றின் ஒரு கரையில் விளைந்த பொருளை மறு கரைக்குக் கொண்டுசெல்ல வரி செலுத்தினர்.

இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று? 1788இல் பிரித்தானியக் கைதிகளின் குடியேற்றமாகத் தொடங்கிய நியூ சவுத் வேல்ஸிலிருந்து தஸ்மேனியா 1825இலும், விக்டோரியா 1851இலும், குயீன்ஸ்லாந்து 1859இலும் பிரிந்தன. மேற்கு அவுஸ்திரேலியா 1829இலும், தென் அவுஸ்திரேலியா 1836இலும் தனித்தனியே நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் சொந்தப் பாராளுமன்றமும் மந்திரிசபையும் பெற்றதும், அண்டை அயலாரைப் போட்டியாளராகவே நோக்கலாயிற்று. விக்டோரியா தன் கைத்தொழில்களைக் காக்க இறக்குமதி வரி விதித்தது. நியூ சவுத் வேல்ஸ் தடையற்ற வாணிபத்தைப் போற்றியது. இவ்விரண்டுமே பெரியவை, இவ்விரண்டும் இணங்காதவரை இணைப்பு என்பது வெறும் பேச்சே.

அச்சம் அவர்களை ஓரளவு நெருங்கச் செய்தது. 1884இல் ஜேர்மனி நியூகினியின் வடகிழக்குப் பகுதியைக் கைப்பற்றியது. 1889இல் படைகளைப் பார்வையிட்ட பிரித்தானியச் சேனாதிபதி எட்வட்ஸ், ஆறு படைகளும் ஒரே தலைமையின் கீழ் வரவேண்டுமென அறிக்கை அளித்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 24ஆம் நாள், நியூ சவுத் வேல்ஸ் முதலமைச்சர் சேர் ஹென்றி பார்க்ஸ், தென்டர்பீல்ட் என்னும் சிற்றூரில் அந்த அறிக்கையை எடுத்துக்காட்டி, முழு நாட்டுக்கும் ஒரு பாராளுமன்றம் வேண்டுமென உரையாற்றினார். ஏழைத் தொழிலாளியாக 1839இற் கப்பலேறி வந்த அவருக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. 1891இல் சிட்னியிற் கூடிய மகாநாடு ஓர் அரசியல் திட்டத்தை வரைந்தது. அதனைத் திருத்தி எழுதும் பணி பெரும்பாலும் ‘லூசிண்டா’ என்ற நீராவிக் கப்பலில், சேர் சாமுவேல் கிரிபித்தின் தலைமையில் நிகழ்ந்தது. ஆயினும் குடியேற்ற நாட்டுப் பாராளுமன்றங்கள் அத்திட்டத்தைக் கிடப்பில் இட்டன.

கிடப்பிற் கிடந்ததை எழுப்பியவர்கள் அமைச்சர்கள் அல்லர். 1893இல் வங்கிகள் பல கதவடைத்து, நாடெங்கும் பொருளாதார நெருக்கடி மிகுந்திருந்த வேளையில், மறே ஆற்றங்கரையிலுள்ள கொரோவாவில் ஒரு மகாநாடு கூடிற்று. சுங்கச் சாவடியால் நாள்தோறும் இடருற்ற எல்லைப்புற மக்களின் ஊர் அது. ஜோன் குயிக் என்னும் வழக்கறிஞர் அங்கே ஓர் எளிய வழியை முன்வைத்தார்: திட்டம் வரைவோரை மக்களே தெரிவு செய்க, வரைந்த திட்டத்தை மக்களின் வாக்குக்கே விடுக. அரசியல்வாதிகளின் தயவில் இருந்த ஒரு காரியம் அன்று வாக்காளரின் காரியமாயிற்று.

1897-98இல் அடிலேயிட், சிட்னி, மெல்பேண் ஆகிய நகரங்களிற் கூடிய மகாநாட்டில் எழுந்த கடினமான வினா, சிறிய நாடுகளின் பாதுகாப்புப் பற்றியதே. நியூ சவுத் வேல்ஸில் 13 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். தஸ்மேனியாவில் 2 இலட்சம் பேரும் இல்லை. தலைக்கணக்கில் மட்டும் ஆட்சி நடந்தால் சிறியவற்றின் குரல் அமிழ்ந்துபோம். ஆகவே கீழ்ச்சபைக்குக் குடித்தொகைப்படி அங்கத்தவர். செனற் சபைக்கு, பெரிதாயினும் சிறிதாயினும், மாநிலத்துக்கு ஆறு பேர் என முடிவு செய்யப்பட்டது. மத்திய அரசின் அதிகாரங்கள் வகுத்துரைக்கப்பட்டன. எஞ்சியவை மாநிலங்களிடமே விடப்பட்டன. இதுவே சமஷ்டி முறையின் உயிர்நிலை.

1898 ஜூனில் நான்கு குடியேற்ற நாடுகளிற் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் முதலமைச்சர் ஜோர்ஜ் ரீட், திட்டத்தின் குறைகளையெல்லாம் அடுக்கிக் கூறிவிட்டு, தாம் மட்டும் ஆதரித்து வாக்களிப்பதாக அறிவித்தார். ‘ஆம்-இல்லை ரீட்’ என்ற பட்டப்பெயர் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. அங்கே 71,595 பேர் ஆதரித்தனர்; 66,228 பேர் எதிர்த்தனர். ஆனால் குறைந்தது 80,000 ஆதரவு வாக்குகள் வேண்டுமென அந்நாட்டுப் பாராளுமன்றம் விதித்திருந்தமையால், பெரும்பான்மை பெற்றும் திட்டம் தோற்றது.

மறுபடியும் பேரம் நடந்தது. தலைநகர் நியூ சவுத் வேல்ஸினுள் அமையும்; ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தொலைவில் இருக்கும். அதுவரை பாராளுமன்றம் மெல்பேணிற் கூடும். சிட்னிக்கும் முழு மகிழ்ச்சியில்லை, மெல்பேணுக்கும் முழு ஏமாற்றமில்லை. கன்பரா நகரம் பிறந்தது இந்தப் பேரத்தினால்தான். 1899இல் இரண்டாம் வாக்கெடுப்பு வெற்றி பெற்றது. குயீன்ஸ்லாந்தும் அவ்வாண்டே இணங்கியது. மேற்கு அவுஸ்திரேலியா மட்டும் தயங்கி நிற்க, கிழக்கிலிருந்து பொன் தேடி வந்து குடியேறியிருந்த சுரங்கப் பகுதியினர், தாம் தனியே பிரிந்து சேரப்போவதாக மகாராணிக்கு விண்ணப்பித்தனர். 1900 ஜூலை 31இல் அங்கும் இணைப்பு நிறைவேறியது. 1901 ஜனவரி முதல் நாள், சிட்னி நகரப் பூங்காவொன்றில் அவுஸ்திரேலியப் பொதுநலவாயம் பிரகடனம் செய்யப்பட்டது. எட்மண்ட் பார்ட்டன் முதற் பிரதம மந்திரியானார். பார்க்ஸ் அந்நாளைக் காணாது 1896இலேயே மறைந்துவிட்டார்.

போர் இன்றி, வாக்குச் சீட்டினால் உருவான நாடு என்று இதனைப் புகழ்வர். புகழ் தக்கதே. ஆயினும் மேற்கு அவுஸ்திரேலிய மக்களின் மனக்குறை தீரவில்லை; 1933இல் மூன்றில் இரு பங்கினர் பிரிவினைக்கு வாக்களித்தனர். பிரித்தானியப் பாராளுமன்றம் அதனை ஏற்க மறுத்தது. அல்பரியில் வண்டி மாறாது சிட்னியிலிருந்து மெல்பேண் செல்லவோ 1962 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவற்றினும் பெரிய குறையொன்று திட்டத்தினுள்ளேயே எழுதப்பட்டிருந்தது. புதிய பாராளுமன்றம் 1901இலேயே, ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்களைச் சொல்வதெழுதச் செய்து, வெள்ளையரல்லாதாரைத் தடுக்கும் குடிவரவுச் சட்டத்தை இயற்றியது. அச்சோதனை 1958 வரை நிலைத்தது. 1902ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் பெண்களுக்கு வாக்களித்தது. அதே சட்டம் ஆசியாவின் சுதேசிகளுக்கு அதனை மறுத்தது. 1882 முதல் இலங்கையிலிருந்து குயீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றோரும் அவ்வகையினரே. 50,000 ஆண்டுகளுக்கு மேலாக அம்மண்ணில் வாழ்ந்துவந்த ஆதிக்குடிகளோ மகாநாட்டில் இடம்பெறவில்லை. மக்கட்டொகையைக் கணக்கிடும்போது அவர்களைச் சேர்த்தல் ஆகாது என்றது அரசியல் திட்டத்தின் 127ஆம் பிரிவு. தென் அவுஸ்திரேலியா போன்ற சில இடங்களில் முன்னரே வாக்குரிமை பெற்றிருந்தவர்களுட் பலரும் பின்னர் பட்டியல்களிற் சேர்க்கப்படவில்லை.

அப்பிரிவை நீக்குவதற்கும், குயிக் காட்டிய அதே வழிதான் வேண்டியிருந்தது. 1967 மே 27இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆதரவு அளித்தனர். ஆறு மாநிலங்களும் இணங்கின.