வண்ணம் வாங்குமுன் தாளைப் பாருங்கள்



பள்ளிவிட்டு வந்த பிள்ளை, "ஓவியப் பாடத்துக்கு 'மீடியா சம்புரான்' செய்யணும், சாமான் வாங்கித் தாங்க" என்று கேட்டால் மலைத்துப் போகாதீர்கள். நீர்வண்ணம், மெழுகு வண்ணம், ஒட்டிய தாள், சேலைத் துண்டு, காய்ந்த ரப்பர் இலை என்று பலவும் ஒரே படத்தில் சேர்ந்து வருவதுதான் இந்தக் கலப்பு ஓவியம். 1912இல் பிக்காசோவும் பிராக்கும் பிரான்சில் செய்தித்தாளையும் சுவர்த்தாளையும் வெட்டி ஒட்டிப் பரப்பிய வழி இது.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கடைக்குள் நுழைந்ததும் நம்மவர்கள் கை வைப்பது 24 வண்ணப் பெட்டியின் மீதுதான். மீந்த சில்லறையில் தாள்! இது தலைகீழான கணக்கு என்பேன். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு இருந்தால் மற்ற நிறங்களைப் பிள்ளையே பெரும்பாலும் கலந்துகொள்ளும். தாள் இற்றுப்போனால் என்ன செய்வது?

என் வகுப்பு மாணவி ஒருத்தி, இறந்துபோன பாட்டியின் சேலைக் கரையை ஒட்டிப் பால்மரக்காடு ஒன்றை வரைந்திருந்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு படம். மறுநாள் காலை பார்த்தால், தாள் அப்பளம்போல் வளைந்து, சேலைக் கரை ஒரு பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கரைக்கு வேறு எங்கே போவது?

காரணம் எளியது. தாள் என்பது நார்களின் பின்னல். நீர் பட்டால் நார் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒட்டிய துணி அதே அளவில் சுருங்குவதில்லை. இரண்டும் இழுபறி செய்யும்போது மெலிந்ததுதான் தோற்கும்.

தாள்கட்டின் அட்டையில் 'ஜிஎஸ்எம்' என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே அது. எழுதும் தாள் 80 என்றால், ஏ4 அளவில் ஒரு தாள் 5 கிராம்தான். பள்ளிப் பிள்ளைகளின் டிராயிங் பிளாக் பெரும்பாலும் 135. பென்சிலுக்கும் மெழுகு வண்ணத்துக்கும் அது போதும். நீர்வண்ணமும் பசையும் துணியும் சேர்ந்தால் 300 வேண்டும்.

300 வாங்க வசதியில்லையா? டிராயிங் பிளாக் தாளை மணிலா அட்டையில் வெள்ளைப் பசையால் ஒட்டி, அட்டையின் பின்புறமும் அதே தாளில் ஒன்றை ஒட்டுங்கள். முன்னிழுப்பைப் பின்னிழுப்பு சரிசெய்யும். பாரமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு கிடக்கட்டும். வெயிலில் வைக்க வேண்டாம். தாளுக்கு முதுகு கொடுப்பது பெரிய ஓவியர்களும் செய்வதுதான். 1965இல் ஜொகூர் பாருவில் பிறந்த நம் அனுரேந்திரா ஜெகதேவாவின் படங்கள் சில, தாளில் தீட்டிக் கேன்வஸ் துணியில் ஒட்டப்பட்டவை. சோற்றுக் கஞ்சியும் நன்றாகவே ஒட்டும், ஆனால் நம் வீட்டுக் கரப்பானுக்கு அது விருந்து!

கடையில் மாதிரித் தாள் இருந்தால் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடக் கேளுங்கள். உடனே உறிஞ்சினால் வண்ணம் திட்டுத்திட்டாய்ப் பரவும். சற்று நேரம் முத்தாய் நின்றால் நல்ல தாள். வழுவழுப்பான கல்யாணப் பத்திரிகை அட்டையில் நீர்வண்ணம் பிடிக்காது. அதன் பொன்னெழுத்தை வெட்டி ஒட்டலாம். செய்தித்தாளோ, மரக்கூழில் உள்ள லிக்னினால் பழுப்பேறிவிடும். பிக்காசோ ஒட்டியவையே இன்று பழுப்புத்தான். வைத்துக் காக்கவேண்டிய படமென்றால் செய்தியை நல்ல தாளில் நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.

ரப்பர் கொட்டை, சிப்பி போன்ற கனமானவற்றை எந்தத் தாளும் தாங்காது. பெட்டி அட்டைதான் சரி.

நீர்வண்ணத் தாள் 76க்கு 56 சென்டிமீட்டர் அளவில் முழுத்தாளாகவும் விற்கிறது. லயத்துப் பிள்ளைகள் நால்வர் காசு சேர்த்து ஒன்று வாங்கி, நான்காக வெட்டிக்கொள்ளலாம்.