பேஸ் கிற்றாரின் குரல் மரத்திலா, பிறிட்ஜிலா? காசு செலவழிக்கும் முன் பார்க்கவேண்டிய கணக்கு

யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் இசைக்குழுக்களுக்கு ஓய்வு இல்லை. பூங்காவன இரவுகளில் ஒரே கிழமைக்குள் நாலைந்து மேடைகள் ஏறும் பெடியள் இருக்கிறார்கள். அந்த மேடைகளில் யாருடைய கண்ணிலும் அதிகம் படாதவர் பேஸ் கிற்றார் வாசிப்பவர். ஆனால் அவர் ஒரு நிமிடம் நிறுத்தினால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப் பாடல்கள் இங்கே பரவிய காலத்திலும், பின்னர் இளையராஜாவின் பாடல்களை மேடையில் வாசிக்கத் தொடங்கிய காலத்திலும் அந்த அடிநாதம்தான் ஆட்களை ஆடவைத்தது.

இசைக்குழுக்களின் கருவிகளைத் திருத்தும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இப்போது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. "அண்ணை, பலா மரத்தில பொடி செய்தா சத்தம் இறுக்கமா வருமோ?" "பாரமான பிறிட்ஜ் ஒண்டு அனுப்புறன் எண்டு கனடாவில இருக்கிற மாமா சொல்லுறார். மாத்தட்டோ?" கேட்பவர்களில் பலர் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே வாசிப்பவர்கள். அனுப்பும் உறவினரும் இரவு வேலை செய்து உழைத்த காசைத்தான் அனுப்புகிறார். ஆகவே இதற்கு நேர்மையான பதில் சொல்லவேண்டும்.

மரத்தின் மீதான நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

எங்கள் ஊர்களில் வாத்தியம் என்றாலே மரம்தான் முதலில் நினைவுக்கு வரும். தவிலும் மிருதங்கமும் பலா மரத்தில் குடையப்படுகின்றன. தஞ்சாவூர் வீணைக்கும் பலாதான். நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம். தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த அளவெட்டியிலோ இணுவிலிலோ போய் மரம் முக்கியமில்லை என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். அவர்கள் சொல்வது சரி. வீணையில் கம்பி அதிர, அந்த அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் மேற்பலகைக்கு இறங்குகிறது. பலகை அதிர்ந்து காற்றை அசைக்கிறது. நாம் கேட்பது அந்தப் பலகையையும் குடத்துக்குள் இருக்கும் காற்றையும்தான். அங்கே மரம்தான் குரல்.

மின்சார பேஸ் கிற்றாரில் இந்தப் பாதை இல்லை. அதன் உடல் கெட்டிப் பலகை. கம்பிகளுக்குக் கீழே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப் இருக்கிறது. உருக்குக் கம்பி காந்தப் புலத்தில் அசையும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அது வயர் வழியாக அம்பிளிபயருக்குப் போகிறது. பிக்கப் மரத்தின் சத்தத்தைக் கேட்பதில்லை, கம்பியின் அசைவை மட்டும் பார்க்கிறது. மரத்துக்கு ஒரேயொரு வழிதான் உண்டு: கம்பியின் அசைவிலிருந்து கொஞ்சச் சக்தியை உறிஞ்சி, அந்த அசைவை மாற்றுவது.

மரம் எவ்வளவு மாற்றுகிறது?

மாற்றம் இருக்கிறது, ஆனால் சிறியது. உடலை விடக் கழுத்துத்தான் அதிகம் மாற்றுகிறது. கழுத்து நீளமானது, மெல்லியது, அதுவும் அதிரும். அதன் அதிர்வும் ஒரு சுரத்தின் அதிர்வும் ஒத்துவந்தால் அந்தச் சுரம் வாசித்த உடனேயே செத்துவிடும். ஆகச் சின்னக் கம்பியில் ஐந்தாம் முதல் ஏழாம் கட்டை வரையான இடத்தில் பல பேஸ்களில் இதைக் காணலாம். உடல் மரத்தை மாற்றினால் இது பெரும்பாலும் தீராது.

வரலாறும் இதையே சொல்கிறது. லியோ பெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது உடலுக்கு ஆஷ் மரம் எடுத்தார். சில வருடங்களில் ஆல்டரும் வந்தது. இரண்டும் அமெரிக்காவில் கைக்கு எட்டிய, வேலைக்கு இலகுவான மரங்கள். 1969இல் டேன் ஆம்ஸ்ட்ரோங் வடிவமைத்து அம்பெக் நிறுவனம் வெளியிட்ட பேஸின் உடல் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக். 1980 அளவில் நெட் ஸ்டைன்பேகர் கரிய நார்க் கலவையில் தலையில்லாத பேஸ் செய்தார். இவை எல்லாமே பெரிய மேடைகளில் ஒலித்தன.

நானும் ஒருமுறை பார்த்தேன். ஒரே கழுத்து, ஒரே பிக்கப், ஒரே கம்பிகளை ஒட்டுப்பலகை உடலிலும் பழைய வேம்பு உடலிலும் மாற்றி மாற்றிப் பூட்டினேன். தனியே வாசித்தபோது வேம்பில் சுரம் சற்று நீண்டு நின்றது போல இருந்தது. டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த பிறகு குழுவில் இருந்த ஒருவராலும் எது எது என்று சொல்ல முடியவில்லை.

அப்படியென்றால் மரம் எதற்கு முக்கியம்? பாரத்துக்கு, உறுதிக்கு, காய்ந்த தன்மைக்கு. நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ இழுவை தருகின்றன. கழுத்தும் பிறிட்ஜும் பூட்டும் இடத்தில் மரம் ஆணியை இறுக்கிப் பிடிக்கவேண்டும். பேஸ் நான்கு கிலோவைத் தாண்டினால் மூன்று மணி நேர நிகழ்ச்சியில் தோள் சொல்லும்.

எங்கள் மரங்கள்

பலா நல்ல தெரிவு. நடுத்தரப் பாரம், ஆணி பிடிக்கும், வேலைக்கு இணங்கும். ஆனால் இதற்காகப் பலாவைத் தறிக்க நினைக்காதீர்கள். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. வேம்பு பலாவை விடப் பாரம், பூச்சி அரிப்பது குறைவு. தேக்கு நிலைத்து நிற்கும், ஆனால் விலை. முதிரை உடலுக்கு மிகப் பாரம். பனையின் வைரம் இரும்பு போன்றது, உள்ளே சோறு. ஒரே பலகையாக உடலுக்கு எடுப்பது கடினம்.

பலர் கொண்டுவருவது பழைய வீட்டு மரம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள் பல வருடங்கள் கழித்துக் காணியைத் திரும்பப் பெற்றபோது, பலருக்குக் கிடைத்தது கூரையில்லாச் சுவர்தான். சிலருக்கு ஒரு நிலையோ தீராந்தித் துண்டோ மிஞ்சியது. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் என்பதால் அது இனி முறுக்குவதும் வெடிப்பதும் குறைவு. புதிய மரத்தைவிட இந்த வகையில் அது உண்மையிலேயே மேல். ஆனால் அறுக்கும் முன் உலோகம் காட்டும் கருவி வைத்து முழுவதும் பாருங்கள். பழைய ஆணி மட்டுமல்ல, ஷெல் துண்டும் சன்னமும் எங்கள் மரங்களுக்குள் இருக்கின்றன. வாள் பட்டால் தச்சு வேலை செய்பவரின் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து.

பிறிட்ஜ் என்ன செய்கிறது?

பெண்டரின் பழைய பிறிட்ஜ் வளைத்த உருக்குத் தகடு ஒன்றுதான். ஐந்து ஆணிகள், நான்கு சிறு தாங்கிகள். 1970களில் 'பேட்ஆஸ்' என்ற பெயரில் பாரமான வார்ப்புப் பிறிட்ஜ் வந்து பெயர் எடுத்தது. அதன் பிறகு பாரம் கூடினால் சத்தம் கூடும் என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

கணக்கு இதுதான். கம்பியின் முனை எவ்வளவு அசையாமல் இருக்கிறதோ அவ்வளவு சக்தி கம்பிக்குள்ளேயே நிற்கும். பாரமான பிறிட்ஜில் சுரம் கொஞ்சம் நீளலாம், தொடக்கத் தட்டு கொஞ்சம் தெளிவாகலாம். அந்த அளவு மாற்றத்தை புதுக் கம்பி அதைவிடக் கூடுதலாகத் தரும். புதிய பிறிட்ஜின் உண்மையான நன்மை வேறு. தாங்கிகள் ஆடாது, உயர ஆணி இறங்காது, சுருதி ஒருமுறை சரிசெய்தால் நிற்கும்.

எங்கள் குடாநாட்டைச் சுற்றிக் கடல். உப்புக் காற்றில் மலிவு பிறிட்ஜின் ஆணிகள் இரண்டு மூன்று வருடத்திலேயே துருப்பிடித்து இறுகிவிடும். ஆகவே மாற்றுவதா என்று கேட்டால் நான் பார்ப்பது மூன்று: ஆணிகள் திரும்புகின்றனவா? தாங்கியைக் கையால் அசைத்தால் ஆடுகிறதா? பன்னிரண்டாம் கட்டையில் கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் சுரமும், அதே கட்டையில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக வருகின்றனவா? அழுத்திய சுரம் ஏறி இருந்தால் தாங்கியைப் பின்னே இழுக்கவேண்டும். இறங்கி இருந்தால் முன்னே தள்ளவேண்டும். இவை எல்லாம் சரியாக நடந்தால் உங்கள் பிறிட்ஜ் நல்ல பிறிட்ஜ். நடக்காவிட்டால் மாற்றுங்கள். ஆணி ஓட்டைகளின் இடத்தையும் கம்பிகளின் இடைவெளியையும் அளந்து அனுப்பிய பிறகே வெளிநாட்டில் வாங்கச் சொல்லுங்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு வயர்

பிறிட்ஜ் பற்றிய கதைகளில் யாரும் சொல்லாத, ஆனால் மிக முக்கியமான விடயம் இது. பிறிட்ஜுக்கு அடியில் மெல்லிய வயர் ஒன்று வரும். அது கம்பிகளை நிலத்தொடுப்போடு இணைக்கிறது. பிறிட்ஜ் மாற்றும்போது அது சரியாகப் படாவிட்டால் பேஸ் இரையும். மல்ரிமீற்றரால் பிறிட்ஜுக்கும் ஜக்கின் வெளி உலோகத்துக்கும் இடையில் அளந்தால் தடை ஏறக்குறைய பூச்சியம் காட்டவேண்டும்.

இந்த வயர் இருப்பதால், உங்கள் கை அம்பிளிபயரின் உலோகப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பதற்குச் சமம். அம்பிளிபயரில் கசிவு இருந்து, நிலத்தொடுப்பும் இல்லாவிட்டால் 230 வோல்ட் கம்பிக்கு வரலாம். இரைச்சலைக் குறைக்கிறோம் என்று மூன்று முனை பிளக்கின் நிலத்தொடுப்பு முனையைக் கழற்றிவிடுவதை இங்கே நிறையக் காண்கிறேன். கோயில் வீதியில் மின்பிறப்பாக்கி, ஈர மண், வெறுங்கால். ஒலிவாங்கியில் உதடு பட்டதும் பாடகர் ஒருவர் துள்ளிப் பின்வாங்கியதை நேரில் கண்டிருக்கிறேன். 1972இல் பிரித்தானியாவின் சுவான்சியில் லெஸ்லி ஹார்வி என்ற கிற்றார் கலைஞர் நிலத்தொடுப்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார்.

எனவே வாசிக்கத் தொடங்கும் முன் ஒலிவாங்கியின் வலைக்கும் உங்கள் கம்பிக்கும் இடையில் வோல்ட் அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக்கூடாது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத மேடையில் ஏறுவதில்லை என்று குழுவாக முடிவெடுங்கள்.

காசை எந்த ஒழுங்கில் செலவழிப்பது?

முதலில் கம்பி. 1990இல் மின்சாரம் நின்று, பற்றரிக்கும் தடை வந்து, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட அந்த வருடங்களைக் கண்டவர்கள் நாங்கள். ஒரு பொருளை எப்படி நீண்ட நாள் பாவிப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பழைய கம்பியைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்தால் சில நாட்களுக்குத் தெளிவு திரும்பும். இரண்டாவது, கழுத்தின் வளைவும் கம்பி உயரமும் சுருதியும் சரிசெய்தல். மூன்றாவது, பிக்கப்பின் உயரம், ஜக், வயர். நான்காவது, ஒலிபெருக்கிப் பெட்டி. ஆகப் பெரிய கம்பியின் அடிச்சுரம் 41 ஹேர்ட்ஸ். சின்னப் பெட்டியால் அதைத் தர முடியாது, எந்த மரம் போட்டாலும். ஐந்தாவதாகத்தான் பிறிட்ஜ். உடல் மரம் கடைசி.

ஒரு தந்தை தன் வீட்டுத் தீராந்தியைக் கொண்டுவந்து, மகனுக்கு இதில் பேஸ் செய்து தரமுடியுமா என்று கேட்டார். இதனால் சத்தம் பெரிதாக மாறாது என்று முதலிலேயே சொன்னேன். "சத்தத்துக்காக இல்லைத் தம்பி, இது கூரையில இருந்தது" என்றார். செய்து கொடுத்தோம். அதற்கு நியாயமான காரணம் அதுதான். வேறு காரணம் சொல்லி யாராவது உங்களிடம் காசு கேட்டால், இன்னொருமுறை யோசியுங்கள்.