அல்சர் கிருமிக்கு 14 நாள் மாத்திரை: பாதியில் நிறுத்துபவர்களை செல்போன் மெசேஜ் காப்பாற்றுமா?

சென்னை,

வயிற்று எரிச்சல், சாப்பிட்டதும் மேல் வயிறு உப்புசம், விடியற்காலையில் பசி வலி என்று டாக்டரிடம் போகிறவர்களில் பலருக்கு எண்டோஸ்கோபி முடிந்ததும் ஒரு ரிப்போர்ட் கையில் வரும். அதில் 'எச்.பைலோரி பாசிட்டிவ்' என்று இருக்கும். கூடவே 14 நாளைக்கு மாத்திரை.

முதல் 2 நாள் ஒழுங்காக போகும். 3-வது நாள் வாய் கசக்கும். 4-வது நாள் மலம் கருப்பாக போகும். அதற்குள் வயிற்று எரிச்சலும் குறைந்து இருக்கும். "அதான் நல்லாயிடுச்சே, இனிமே எதுக்கு?" என்று மாத்திரை கவரை பிரிட்ஜ் மேலே தூக்கி போட்டு விடுவார்கள். இதை டாக்டரிடம் யாரும் போய் சொல்வதில்லை. அவரும் நோயாளி 14 நாளும் சாப்பிட்டு விட்டதாகவே நினைத்துக் கொண்டு இருப்பார்.

இந்த இடைவெளியை செல்போன் மெசேஜ் மூலம் அடைக்க முடியுமா என்று கடந்த பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் ஆய்வுகள் நடந்து வருகின்றன. முடியும் என்பதுதான் பதில். ஆனால் "மாத்திரை சாப்பிடவும்" என்று தினமும் ஒரு மெசேஜ் தட்டி விட்டால் போதும் என்று நினைத்தால் தப்பு.

காரத்தால் வருவது அல்ல

அல்சருக்கு காரணம் காரமும் டென்ஷனும்தான் என்று நம் ஊரில் இன்றும் பேசுகிறோம். 1982-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற 2 டாக்டர்கள் அல்சர் நோயாளிகளின் வயிற்றில் சுருள் வடிவ கிருமி ஒன்று குடி இருப்பதை கண்டு பிடித்தனர். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்த கிருமியை தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்து காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த கிருமியை புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகை காரணிகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-ம் ஆண்டே அறிவித்து விட்டது. கிருமி இருப்பவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவது இல்லை. ஆனால் அல்சர் வந்த ஒருவருக்கு கிருமியை ஒழிக்காமல் விட்டால் புண் ஆறி ஆறி திரும்ப வரும். சிலருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகி விடும்.

ஒரு நாளைக்கு 13 மாத்திரை

மருந்து இருக்கிறது. சாப்பிடுவதுதான் கஷ்டம். அமில சுரப்பை குறைக்கும் மாத்திரையுடன் அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு அட்டை வீதம் கிடைக்கும் 'கிட்' பலரும் பார்த்து இருப்பார்கள். கிளாரித்ரோமைசினுக்கு கிருமி அடங்காத ஊர்களில் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமில மாத்திரை என 4 மருந்து சேர்த்து தருகின்றனர். அமிலத்துக்கு 2, பிஸ்மத் 4, டெட்ராசைக்ளின் 4, மெட்ரோனிடசோல் 3 என்று வைத்தாலே தினம் 13. பதினான்கு நாளைக்கு 182 மாத்திரை! அதில் சில சாப்பாட்டுக்கு முன்பு, சில பின்பு. வேலைக்கு போகிறவர், வீட்டில் 4 பேருக்கு சமைக்கிறவர் இதை எப்படி ஞாபகம் வைத்துக் கொள்வார்?

அரைகுறையாக சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பழைய கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டேவிட் கிரஹாம் குழுவினர் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், 60 சதவீதத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டவர்களில் 96 சதவீதம் பேருக்கு கிருமி ஒழிந்தது. அதற்கும் குறைவாக சாப்பிட்டவர்களில் 69 சதவீதம்தான்.

அப்போதாவது மருந்துக்கு கிருமி பயந்தது. இப்போது அப்படி இல்லை. 2003-ல் வெளியான, சென்னையும் இடம் பெற்ற இந்திய ஆய்வில், பரிசோதித்த கிருமிகளில் சுமார் 78 சதவீதம் மெட்ரோனிடசோலுக்கு அடங்காதவையாக இருந்தன. சென்னையில் மட்டும் 88 சதவீதம். வயிற்றுப்போக்கு, பல் வலி என்று எதற்கெடுத்தாலும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, 2 வேளை போட்டு நிறுத்திய மாத்திரைகளின் பலனை நாம் எல்லோரும் சேர்ந்து அனுபவிக்கிறோம். கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத எச்.பைலோரியை புது மருந்து அவசரமாக தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2017-ல் சேர்த்தது. முதல் முறை பாதியில் விட்டால், 2-வது முறை வேறு மருந்து தேட வேண்டும். 3-வது முறைக்கு கையில் இருக்கும் மருந்துகள் சொற்பம்.

சீனாவில் நடந்தது

இதற்கு செல்போனை அதிகம் பயன்படுத்தி பார்த்தது சீனாதான். அங்கு வாட்ஸ்-அப் கிடையாது, 'விசாட்'தான் எல்லாம். நோயாளிகளை 2 பிரிவாக பிரித்தனர். ஒரு பிரிவுக்கு வழக்கம் போல வாயால் சொல்லி, சீட்டு கொடுத்து அனுப்பினர். இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து விசாட்டில் தினமும் ஞாபகப்படுத்தினர். மாத்திரையை எப்போது, எப்படி சாப்பிடுவது என்று விளக்கம் அனுப்பினர். சந்தேகம் கேட்டால் பதில் சொன்னார்கள்.

மெசேஜ் போன பிரிவில் மாத்திரையை முழுசாக முடித்தவர்கள் அதிகம். பல ஆய்வுகளில் கிருமி ஒழிந்தவர்களும் அதிகம். சில ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஏற்கனவே டாக்டர் சொல்லை தட்டாத நோயாளிகளுக்கு மெசேஜ் புதிதாக என்ன செய்து விடும்?

மறந்து போனவர் வேறு, பயந்து போனவர் வேறு

இங்குதான் விஷயம் இருக்கிறது. மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எல்லோரும் மறந்து போய் நிறுத்துவது இல்லை. உடம்பில் ஏதோ நடக்கிறதே என்று பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. மறந்தவருக்கு அலாரம் போதும். பயந்தவருக்கு அலாரம் அடிக்க அடிக்க எரிச்சல்தான் வரும்.

கருப்பு மலத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். பிஸ்மத் சாப்பிட்டால் மலம் கருப்பாக போவது சகஜம். நாக்கும் கருக்கலாம். மாத்திரையை முடித்ததும் சரியாகி விடும். இதை முதல் நாள் டாக்டர் சொல்லி இருப்பார். ஆனால் எண்டோஸ்கோபி முடிந்த அரை மயக்கத்தில் நோயாளியின் காதில் எது ஏறும்? அதுவே 3-வது நாள் சாயங்காலம் இப்படி ஒரு மெசேஜ் வந்தால்?

"ஐயா, வணக்கம். நாளை, நாளை மறுநாள் மலம் கருப்பாக போகலாம். மாத்திரையால்தான், பயப்படாதீங்க. தார் மாதிரி பிசுபிசுப்பா, கெட்ட நாத்தத்தோட போனாலோ, தலை சுத்தினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ மெசேஜ் அனுப்பிட்டு காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

கடைசி 2 வரிகள் ரொம்ப முக்கியம். அல்சரில் ரத்தம் கசிந்தாலும் மலம் கருப்பாகத்தான் போகும். "கருப்பா போனா பயப்படாதீங்க" என்று மட்டும் அனுப்பி விட்டு சும்மா இருந்தால், நிஜமாகவே ரத்தம் போகிறவரும் வீட்டிலேயே படுத்துக் கிடப்பார். அதனால்தான் ஒரு வழி மெசேஜ் ஆபத்து என்கிறோம். "எனக்கு இப்படி இருக்கு" என்று நோயாளி திருப்பி அனுப்பினால், அந்த பக்கம் படித்து பதில் சொல்ல ஒரு நர்சோ, மருந்தாளுனரோ இருக்க வேண்டும். ஆள் இல்லாத நம்பரில் இருந்து மெசேஜ் அனுப்புவதற்கு அனுப்பாமலே இருக்கலாம்.

நம் ஊர் பழக்கத்துக்கு ஏற்ப சொல்ல வேண்டியதும் நிறைய உள்ளது. டெட்ராசைக்ளினை பாலோடு சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாக சேராது. நம்மாட்கள் டீயை கையில் வைத்துக் கொண்டே மாத்திரையை விழுங்குகிறவர்கள். காலை 7 மணிக்கு "டீ, காபி, பாலோட வேண்டாம், தண்ணியில போடுங்க" என்று ஒரு வரி வந்தால் பலன் உண்டு. மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது மது கூடாது என்று டாக்டர்கள் எச்சரிக்கின்றனர். இதை சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். திங்கட்கிழமை காலையில் அனுப்பி என்ன பிரயோஜனம்? இதே மாத்திரையால் சிறுநீர் செம்பழுப்பாக போகலாம், வாயில் இரும்பை நக்கியது போல இருக்கலாம். விரதம், நோன்பு இருப்பவர்கள் மாத்திரை நேரத்தை தாங்களாகவே மாற்றாமல் முன்கூட்டியே கேட்டுக் கொள்ள வேண்டும்.

சேத்துப்பட்டில் 1956-ல்...

வீட்டில் இருக்கும் நோயாளி மாத்திரை சாப்பிட்டாரா என்று கண்டுபிடிக்கும் வேலையில் சென்னை உலகத்துக்கே முன்னோடி. வியாதி மட்டும் வேறு, டி.பி.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்து குணமாக்க முடியுமா என்று 193 நோயாளிகளை வைத்து பார்த்தனர். முடியும் என்று 1959-ல் வெளியான முடிவு உலகம் முழுவதும் டி.பி. சிகிச்சையையே மாற்றியது. அப்போது செல்போன் ஏது? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தனர், சிறுநீரை வாங்கி சோதித்தனர்.

அரை நூற்றாண்டுக்கு பிறகு அதே டி.பி.க்கு மிஸ்டு கால் முறை வந்தது. '99டாட்ஸ்' என்று பெயர். பெங்களூருவில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி பிரிவில் உருவானது. அட்டையில் மாத்திரையை பிதுக்கினால் பின்னால் மறைந்து இருக்கும் நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு காசு இல்லாமல் ஒரு கால் கொடுத்தால் இன்றைய மாத்திரை சாப்பிட்டாச்சு என்று பதிவாகி விடும். சாதா பட்டன் போனே போதும்.

நல்ல யோசனைதான். ஆனால் சென்னை, வேலூர், மும்பையில் நோயாளிகளின் வீட்டுக்கு திடீரென்று போய் சிறுநீரை சோதித்து பார்த்தபோது, போன் கணக்கும் நிஜமும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. மாத்திரை சாப்பிட்டவர் கால் கொடுக்கவில்லை. கால் கொடுத்தவர் மாத்திரை சாப்பிடவில்லை. இந்த ஆய்வு 2020-ல் வெளியானது. அல்சர் கிருமிக்கு மெசேஜ் அனுப்பும் ஆஸ்பத்திரிகள் இதை மனதில் வைக்க வேண்டும். "சாப்பிட்டாச்சு" என்று கட்டை விரல் படம் வந்து விட்டதாலேயே மாத்திரை வயிற்றுக்குள் போய் விட்டதாக அர்த்தம் இல்லை.

போன் யார் கையில்?

இன்னொரு சங்கடம். பல வீடுகளில் அம்மாவுக்கு வரும் மெசேஜ் பையன் போனில்தான் வரும். அவன் வேலைக்கு போய் விட்டு ராத்திரி 10 மணிக்கு வந்து "அம்மா, உனக்கு மெசேஜ் வந்துச்சு" என்பான். எழுத்து கூட்டி படிக்க சிரமப்படுகிற பெரியவர்களுக்கு வாய்ஸ் மெசேஜோ, ஒரு நிமிட போன் காலோதான் சரி. சீட்டு எழுதும்போதே "அம்மா, எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு பேசினா வசதி?" என்று கேட்டு குறித்துக் கொண்டால் வேலை முடிந்தது. நோய் விவரத்தை பலர் இருக்கும் குரூப்பில் போடாமல் தனியாக அனுப்ப வேண்டும் என்பதும் முக்கியம். வாட்ஸ்-அப் போன்றவற்றில் டாக்டர்கள் ஆலோசனை சொல்ல 2020 மார்ச்சில் வெளியான மத்திய அரசின் டெலிமெடிசின் வழிமுறைகள் இடம் தருகின்றன. இதற்கென்று தனி ஆப் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

கடைசி மெசேஜ் 15-வது நாள் அல்ல

மாத்திரை முடிந்ததும் எல்லோரும் நிம்மதி ஆகி விடுகிறார்கள். கிருமி ஒழிந்ததா என்று பார்க்க வருபவர்கள் குறைவு. எரிச்சல் நின்று விட்டாலே கிருமி போய் விட்டது என்று சொல்ல முடியாது.

மாத்திரை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சு பரிசோதனையோ, மல பரிசோதனையோ செய்ய வேண்டும். மறுபடி எண்டோஸ்கோபி குழாய் விழுங்க வேண்டுமே என்ற பயம் பெரும்பாலானோருக்கு தேவை இல்லை. ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி செத்த பிறகும் ரத்தத்தில் அதன் அடையாளம் நீண்ட நாள் தங்கி இருக்கும்.

பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே ஒமிப்ரசோல், பாண்டப்ரசோல் போன்ற 'கேஸ் மாத்திரை'களை நிறுத்தி இருக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுவதை பல் தேய்ப்பது போல பழக்கமாக்கிக் கொண்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஆகவே மெசேஜ் அனுப்புகிறவர்கள் காலண்டரில் 2 தேதியை குறித்துக் கொள்ள வேண்டும். மாத்திரை முடிந்து 2 வாரம் ஆனதும் "கேஸ் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்க, எரிச்சல் தாங்க முடியலைன்னா நீங்களா போடாம எங்களுக்கு சொல்லுங்க" என்று ஒன்று. 4 வாரம் ஆனதும் "டெஸ்டுக்கு வாங்க" என்று இன்னொன்று.