ஏன்? எப்படி?: வாய்க்குள் ஒரு சின்ன பிரஷ்

இடுப்பில் சுருக்குப்பை, அதற்குள் வெற்றிலை, பாக்கு, புகையிலை: புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் பழகிய காட்சி. புகையிலையை அடக்கும் கன்னத்தின் உட்புறத்தில் சிலருக்கு வெள்ளைத் திட்டு விழும். வலிக்காது, அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்தத் திட்டில் சிறு பிரஷ்ஷை அழுத்திச் சுழற்றினால் செல்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஏன் அழுத்த வேண்டும்? வாய்ப்புற்றுக்கான கோளாறு அடி அடுக்கில் தொடங்குகிறது. மேலாக வழித்தால் உதிரப்போகும் செல்கள்தான் கிடைக்கும். ஸ்லைடில் தடவி, காய்வதற்குள் ஆல்கஹாலில் முக்கி, சாயம் ஏற்றுகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் நல்ல செல் ஆஃப்பாயில் மாதிரி, ஆனால் கரு மிளகளவுதான். கெடும் செல்லில் அந்தக் கரு வீங்கி, கறுத்து, ஓரம் கோணலாகி இடத்தை அடைத்துக்கொள்ளும்.

சந்தேகம் வந்தால் சதைத் துணுக்கு எடுத்துத்தான் உறுதிசெய்வார்கள். பிரஷ் ‘ஒன்றுமில்லை’ என்றாலும் திட்டு மறையாவிட்டால் மறுபடி காட்டவேண்டும்.

திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். பிரஷ்கூட இல்லை, வெறும் கண்பார்வை. 2005-இல் வெளியான முடிவு: புகையிலை, மதுப் பழக்கமுள்ளோரிடம் வாய்ப்புற்று மரணம் சுமார் 34% குறைந்தது.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணா? கோரிமேட்டுக்கு பஸ் ஏறுங்கள். ஜிப்மர் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது.